பெட்டர் டேய்ஸ் (2019) ப்ளூ-ரே: எந்தப் பதிப்பு, எந்த ரீஜன், தமிழ் சப்டைட்டிலை என்ன செய்வது?

#1 · கடைசிபெஞ்ச்

டெரக் சாங் இயக்கிய, பள்ளித் துன்புறுத்தல் பற்றிய சீனப் படமான பெட்டர் டேய்ஸை டிஸ்க்கா வாங்கி வைக்கலாம்னு பார்க்கிறேன். கேள்வி மூணு.

அமெரிக்க டிஸ்க்கோ ஹாங்காங் டிஸ்க்கோ, இந்தியாவில் விற்கிற ப்ளேயரில் ஓடுமா? சீனத் தணிக்கையில் சிக்கி வெளிவந்த படம்னு சொல்றாங்களே, வெளிநாட்டு டிஸ்க்கில் வெட்டாத பிரதி உண்டா? கடைசியா, தமிழ் சப்டைட்டில் இருக்கிற எஸ்ஆர்டி ஃபைல் ஒண்ணு இருக்கு. கம்ப்யூட்டரில் ஒழுங்கா வருது, டிவியில் பென்டிரைவ் போட்டா கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம்னு சிதறுது. அதுவும் போகப் போக வசனத்துக்குப் பின்தங்குது.

முடிவைச் சொல்றவங்க மேலே எச்சரிக்கை போட்டுடுங்க, படம் பார்க்காதவங்களும் இந்த இழைக்கு வருவாங்க.

#2 · நீலத்தட்டு

ரீஜனை முதல்ல முடிச்சிடலாம், காசு வீணாகிற இடம் அதுதான்.

ப்ளூ-ரேக்கு மூணே மண்டலம். ஏ: வட, தென் அமெரிக்கா, ஜப்பான், கொரியா, தைவான், ஹாங்காங், தென்கிழக்கு ஆசியா. பி: ஐரோப்பா, ஆப்பிரிக்கா, மத்திய கிழக்கு, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து. சி: சீனப் பெருநிலம், இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், ரஷ்யா. அதாவது ஒரே சீனப் படம், ஹாங்காங்கில் அச்சடிச்சா ஏ, பெருநிலத்தில் அச்சடிச்சா சி. இந்தியக் கடையில் வாங்கின ப்ளேயர் சி-தான்.

பூட்டு வேலை செய்கிற விதம் தெரிஞ்சா குழப்பம் வராது. டிஸ்க்கில் இருக்கிற ஒரு சின்ன நிரல், ஓட ஆரம்பிக்கும்போது ப்ளேயரிடம் அதன் மண்டலத்தைக் கேட்கும். பதில் பிடிக்கலைன்னா எச்சரிக்கைத் திரையைக் காட்டி நின்னுடும். சில நிறுவனங்கள் அந்தக் கேள்வியையே வைக்கிறதில்லை, அதனால்தான் "எனக்கு ஓடுச்சு" "எனக்கு ஓடலை"ன்னு ரெண்டு பேச்சும் வருது. உறையின் பின்பக்கம் அறுகோணத்துக்குள்ள என்ன எழுத்து இருக்குன்னு பாருங்க. ஏ மட்டும் இருந்தா ஓடாதுன்னே வெச்சுக்குங்க. மூணு எழுத்தும் இருந்தா கவலையில்லை. 4கே அல்ட்ரா எச்டி டிஸ்க்குக்கு மண்டலப் பூட்டே கிடையாது.

"ரீஜன் ஃப்ரீ"ன்னு விளம்பரம் செய்கிற ப்ளேயர்களில் நிறைய டிவிடிக்கு மட்டும்தான் ஃப்ரீ. டிவிடி மண்டலத்தை ரிமோட்டில் நாலு எண் அழுத்தி மாத்திடலாம். ப்ளூ-ரேயில் பெரும்பாலும் உள்ளே சிப் வைக்கணும், இல்லேன்னா நிலைநிரலையே (ஃபர்ம்வேர்) மாத்தணும். விற்கிறவரிடம் "ப்ளூ-ரே ஏ, பி, சி மூணும் ஓடுமா"ன்னு இதே வார்த்தையில் கேளுங்க.

கம்ப்யூட்டர்னா கதை வேற. டிவிடி டிரைவில் மண்டலம் வன்பொருளிலேயே இருக்கு, அஞ்சு தடவைதான் மாத்தலாம், அப்புறம் உறைஞ்சிடும். ப்ளூ-ரே டிரைவுக்கு அந்தச் சிக்கல் இல்லை, மண்டலத்தைப் பார்க்கிறது ஓட்டுகிற மென்பொருள்தான். விஎல்சிங்கிற இலவச ப்ளேயர் மென்பொருள் வணிக ப்ளூ-ரேயை அப்படியே ஓட்டாது, பவர்டிவிடி மாதிரி காசு கொடுத்து வாங்குறது வேணும்.

இன்னொண்ணு: பழைய ப்ளேயரில் புது டிஸ்க் போட்டு "டிஸ்க்கைப் படிக்க முடியவில்லை"ன்னு வந்தா உடனே திருப்பி அனுப்பாதீங்க. புது டிஸ்க்குகள் புதுத் திறவுகோல்களோட வரும், ப்ளேயரின் நிலைநிரலைப் புதுப்பிச்சா பாதிக்குமேல சரியாகிடும்.

#3 · ஏழாம்ரீல்

வெட்டாத பிரதி என்ற கேள்விக்கு வருகிறேன். காலவரிசையைப் பார்த்தால் இந்தப் பேச்சு எங்கிருந்து கிளம்பியது என்று புரியும்.

2019 பிப்ரவரியில் பெர்லின் திரைப்பட விழாவில், இளையோருக்கான ஜெனரேஷன் 14பிளஸ் பிரிவில் படம் தேர்வாகியிருந்தது. கடைசி நேரத்தில் விலக்கிக்கொள்ளப்பட்டது. அதே விழாவில் சீன இயக்குநர் ஜாங் யீமோவின் படமும் "தொழில்நுட்பக் காரணம்" என்ற ஒற்றை வரியோடு வெளியேறியது. பிறகு சீனத் திரையரங்கு வெளியீடு 2019 ஜூன் 27 என்றார்கள். சில நாள் இருக்கும்போது அதுவும் ரத்து. அக்டோபரில் திடீரென்று அறிவித்து, 25ஆம் தேதி படம் வந்தே விட்டது. பெரிய விளம்பரம் இல்லை. ஆனாலும் சீனாவில் மட்டும் 155 கோடி யுவானுக்கு மேல் வசூல்.

இந்த எட்டு மாத இடைவெளியில் படத்தொகுப்பு மாறியிருக்கும் என்று ஊகிக்க இடம் உண்டு. ஆனால் திரையில் ஓடியதும் ஆஸ்கருக்குப் போனதும் ஒரே 135 நிமிடப் பிரதிதான். எனவே "அன்கட்" என்று யாராவது கூடுதல் விலை சொன்னால் முதலில் ஓட்ட நேரத்தைக் கேளுங்கள். 135 என்றால் அது எல்லோரும் பார்த்த அதே படம்.

129 அல்லது 130 நிமிடம் என்று உறையில் போட்டிருந்தால் வெட்டு என்று பதற வேண்டாம். அது பால் (PAL) என்ற டிவி முறைக்கான டிவிடியாக இருக்கும். நொடிக்கு 24 சட்டம் (ஃப்ரேம்) ஓட வேண்டிய படத்தை 25 சட்டமாக ஓட்டுவதால் 135 நிமிடம் ஐந்தரை நிமிடம் சுருங்கிவிடுகிறது. குரலின் சுருதியும் அரைச் சுரம் அளவுக்கு ஏறும். நாயகி ஜோ டோங்யூ இந்தப் படத்தில் பாதி வசனத்தை முணுமுணுப்பாகவே பேசுகிறார். சுருதி ஏறினால் அந்தக் குரலின் கனம் போய்விடும். டிவிடியைத் தவிர்க்க எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

#4 · கடைசிபெஞ்ச்

அருமை. கடைசியில் அரசாங்கம் என்னென்ன செஞ்சதுன்னு எழுத்து ஓடுமே, அது வெளிநாட்டுப் பிரதியிலும் இருக்கா? அதைப் பார்த்தாலே எனக்கு ஆவணப்படம் தப்பா ஒட்டின மாதிரி இருக்கு.

#5 · ஏழாம்ரீல்

இருக்கிறது. வெளிநாட்டு விமர்சகர்கள் பலர் குறை சொன்னதும் அதைத்தான். என் கருத்தும் அதுவே. இரண்டேகால் மணி நேரம் பெரியவர்கள் எல்லோரும் கைவிட்டதைக் காட்டிவிட்டு, ஒரு நிமிடத்தில் "எல்லாம் சரிசெய்யப்பட்டது" என்று எழுதிப் போடுவது படத்தின் முதுகெலும்பை முறிக்கிறது.

#6 · கல்மேடை

ஏழாம்ரீல் ஐயா, இங்கே கொஞ்சம் மாறுபடுகிறேன். அந்த எழுத்துகளைத் தேதியோடு வைத்துப் படித்தால் வேறொன்று தெரியும்.

படத்தின் முக்கியக் கதை நடப்பது 2011இல், காவ்காவ் எனும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்கு முந்தைய வாரங்களில். தேர்வு ஜூன் 7, 8. படத்தைத் தொடங்கி முடித்து வைக்கும் சட்டகம் 2015இல். சீனத்தில் ஒன்பது துறைகள் சேர்ந்து பள்ளித் துன்புறுத்தலுக்கு எதிராக வழிகாட்டுதல் வெளியிட்டது 2016 நவம்பரில்தான். 11 துறைகளின் விரிவான திட்டம் வந்தது 2017இல். ஆக, படத்தில் நாயகி சென் நியனுக்கு நடப்பதெல்லாம் இந்த ஏற்பாடுகள் எதுவும் இல்லாத காலத்தில் நடக்கிறது. கதையை ஆறேழு வருடம் தள்ளி வைத்திருந்தால் "விதி இருந்தும் நடந்ததே" என்ற கேள்வி எழும். அதைத் தவிர்க்கத்தான் 2011 என்று நினைக்கிறேன். எழுத்து ஒட்டுவேலை என்றால், ஆண்டும் ஒட்டுவேலைதான். இரண்டையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

சட்டம் பிறகு மாறவும் செய்தது. சிறார் பாதுகாப்புச் சட்டத்தின் திருத்தம் 2020 அக்டோபர் 17இல் நிறைவேறி 2021 ஜூன் 1இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 39ஆவது பிரிவு பள்ளிகளுக்கென்றே எழுதப்பட்டது: துன்புறுத்தல் தெரிந்தவுடன் நிறுத்த வேண்டும், இரு தரப்புப் பெற்றோருக்கும் சொல்ல வேண்டும், கடுமையானதை மறைக்காமல் காவல்துறைக்கும் கல்வித் துறைக்கும் தெரிவிக்க வேண்டும். அதற்குச் சற்று முன், 2021 மார்ச் 1 முதல், கொலை போன்ற மிகக் கொடிய சில குற்றங்களுக்குக் குற்றப்பொறுப்பு வயது 14இலிருந்து 12ஆகக் குறைந்தது. அதற்கும் உச்ச வழக்குத்தொடர்பு அலுவலகத்தின் ஒப்புதல் வேண்டும். இதெல்லாம் படத்தால் நடந்தது என்று சொல்ல மாட்டேன். பேச்சு ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. அந்தப் பேச்சு இல்லாவிட்டால் படத்துக்கு அனுமதியும் கிடைத்திருக்காது.

#7 · ஏழாம்ரீல்

2011 பற்றிய வாதம் வலுவானது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கலையாக அந்த ஒரு நிமிடம் எனக்கு இன்னும் துருத்திக்கொண்டுதான் நிற்கிறது. கல்மேடை, துன்புறுத்தலைக் காட்டும் விதம் பற்றியும் எழுதுங்களேன். வெறும் அழுகைப் படம் என்று ஒதுக்குபவர்கள் இருக்கிறார்கள்.

#8 · கல்மேடை

கதையின் முதல் பாதியை மட்டும் தொடுகிறேன்.

ஹூ ஷியாவ்டியே என்ற மாணவி பள்ளிக் கட்டடத்திலிருந்து குதித்து இறக்கிறாள். மாடி முழுக்க மாணவர்கள் கைப்பேசியை உயர்த்திப் படம் பிடிக்கிறார்கள். சென் நியன் ஒருத்தி மட்டும் கூட்டத்தை விலக்கிப் போய், தன் சீருடை மேலாடையைக் கழற்றி உடலை மூடுகிறாள். அந்த ஒரு செய்கையால் அடுத்த குறி அவளாகிறாள். துன்புறுத்துகிறவர்களுக்கு ஆள் முக்கியமில்லை, இடம் காலியாக இருக்கக் கூடாது என்பதைப் படம் ஒரு மேலாடையில் சொல்லிவிடுகிறது.

அடுத்து வருவது படிப்படியான ஏற்றம். நாற்காலியில் சிவப்பு மை, விளையாட்டு வகுப்பில் பந்து. ஆசிரியர் பார்த்தாலும் "விளையாட்டுக்குச் செய்தோம்" என்று தப்பிக்க இடமுள்ள செயல்கள்தான் முதலில் வருகின்றன. அவள் காவல்துறையிடம் சொன்னதும், துன்புறுத்தும் கூட்டத்தின் தலைவி வெய் லாயும் கூட்டாளிகளும் இடைநீக்கம் ஆகிறார்கள். பள்ளியைப் பொறுத்தவரை விஷயம் அதோடு முடிந்தது. உண்மையில் அதற்குப் பிறகுதான் அது தெருவுக்கு வருகிறது, மோசமாகிறது. தண்டனை கொடுத்தார்கள், பாதுகாப்பு கொடுக்கவில்லை. புகார் கொடுத்தவளுக்கு வீட்டில் பெரியவர் யாரும் இல்லை. தாய் போலி முகப்பூச்சு விற்றுக் கடன்காரர்களுக்கு ஒளிந்து திரிகிறார். பள்ளியில் இதைக் கையாள்பவர்கள் பார்க்க வேண்டிய இடம் இந்த இடைவெளிதான்: இடைநீக்கத்துக்கும் தேர்வுக்கும் நடுவிலுள்ள நாள்கள்.

அந்த இடைவெளியில் அவளுக்குக் கிடைக்கும் ஒரே காவல் ஷியாவ் பெய், தெருவில் வளர்ந்தவன். சேர்ந்து நடந்தால் பேச்சு வரும் என்று பல அடி பின்னால் நடந்து வருகிறான். இதில் காதல் படத்தின் இனிப்பு இருக்கிறது, மறுக்கவில்லை. ஷியாவ் பெய்யாக நடித்த ஜாக்சன் யீயின் ரசிகர் கூட்டத்தை மனதில் வைத்தும் எழுதியிருப்பார்கள். மூலம் ஜியூ யுவேஷியின் இணைய நாவல். அது ஜப்பானியத் துப்பறியும் நாவல்களை ஒத்திருக்கிறது என்று சீன வாசகர்களே குற்றம் சாட்டினார்கள். பின்பாதியைப் பார்க்கும்போது அந்தச் சாயல் எனக்கும் தெரிகிறது.

2018இல் வந்த க்ரை மீ எ சேட் ரிவர் படமும் இதே பொருள்தான். அதில் கொடுமை செய்பவர்களுக்கு முகமே இல்லை, எல்லோரும் ஒரே அச்சு. இதில் வெய் லாய்க்கு ஒரு வீடும் ஒரு பயமும் இருக்கின்றன.

#9 · நீலத்தட்டு

டிஸ்க்குக்குத் திரும்புவோம். ஸ்ட்ரீமிங்கில் பார்த்தா போதாதா, டிஸ்க் எதுக்குன்னு கேட்கிறவங்களுக்கு ஒரு கணக்கு.

ஒற்றை அடுக்கு ப்ளூ-ரே 25 ஜிபி. 135 நிமிஷம்னா 8,100 விநாடி. 25 ஜிபியை 8,100ஆல் வகுத்தா மொத்தம் விநாடிக்கு 24.7 மெகாபிட் வரும். இழப்பில்லா 5.1 ஒலிக்கு 3 முதல் 4, மீதி சின்ன ஒலித்தடம், சப்டைட்டில், மெனு எல்லாம் போக படத்துக்கு 20 பக்கம் நிற்கும். இரட்டை அடுக்கு 50 ஜிபின்னா 30ஐத் தாண்டி தாராளமாப் போகலாம், படத்துக்கான உச்ச வரம்பே 40தான். சாதாரண 1080 ஸ்ட்ரீமிங்கில் இதில் பாதிகூட வராது.

இந்தப் படத்தில் அந்த வித்தியாசம் எங்கே தெரியும்னா இருட்டில். சோங்சிங்ங்கிற சீன நகரத்தில் எடுத்த படம். படிக்கட்டுத் தெருக்கள், மேம்பாலத்துக்கு அடியில் சந்து, சோடியம் விளக்கு, மழை ஈரம், எல்லாமே அரையிருட்டு. அதில் ஒளிப்பதிவாளர் யூ ஜிங்பின் கேமராவை முகத்துக்கு ரொம்ப நெருக்கமா வெச்சிருக்கார். ஹாங்காங் திரைப்பட விருதில் ஒளிப்பதிவுக்கும் சேர்த்துத்தான் எட்டு விருது வாங்கினாங்க. பிட்ரேட் (மேலே சொன்ன விநாடிக்கான மெகாபிட் அளவு) குறைஞ்சா சுவர் நிழல் படிப்படியா வளையம் கட்டும், கன்னத்தின் தோல் மெழுகாகிடும்.

டிவியில் செய்ய வேண்டியது: அசைவை வழவழப்பாக்குற வசதியை அணைக்கணும். கைக்கேமரா காட்சிகள் நிறைய, அது ஆன்ல இருந்தா தொலைக்காட்சித் தொடர் மாதிரி ஆகிடும். இரைச்சல் குறைப்பையும் அணைங்க, நிழலில் இருக்கிற நுணுக்கத்தை அதுதான் தின்னுது. எச்டிஎம்ஐ கறுப்பு அளவு ப்ளேயரிலும் டிவியிலும் ஒண்ணா இருக்கணும். ஒண்ணு "முழு", இன்னொண்ணு "வரம்பு"ன்னு இருந்தா சந்துக் காட்சியில் வெறும் கறுப்புத்தான் தெரியும், டிஸ்க்கைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை.

ஒலியில் ஒரே குறிப்பு. வசனம் முழுக்க நடு ஸ்பீக்கரில்தான். ரெண்டு ஸ்பீக்கர் டிவியில் கேட்டா முணுமுணுப்பு அமுங்கிடும். நடு ஸ்பீக்கர் இருந்தா 2 டெசிபல் ஏத்துங்க. இல்லேன்னா ப்ளேயரின் இரவு ஒலி முறையைப் போடுங்க.

#10 · யாழ்த்திரை

நீலத்தட்டு அண்ணை, இலங்கையும் சி எண்டா கனடாவில இருந்து சொந்தக்காரர் வாங்கி அனுப்பிற டிஸ்க் இஞ்ச ஓடாது தானே? ப்ளேயரையும் சேர்த்து அங்க இருந்தே எடுப்பிச்சா?

#11 · நீலத்தட்டு

கனடா ப்ளேயர் ஏ, டிஸ்க்கும் ஏ, ஜோடி சரியா ஓடும். ஆனா மின்சாரத்தைப் பாருங்க. அங்கே 120 வோல்ட், இலங்கையில் 230. ப்ளேயரின் பின்பக்கம் "100-240"ன்னு அச்சடிச்சிருந்தா பிளக் மாத்தினாப் போதும். 120 மட்டும்னா மின்னழுத்த மாற்றி (ட்ரான்ஸ்ஃபார்மர்) வேணும், நேரா சொருகினா அன்னைக்கே புகை வரும். அதுக்குப் பதிலா 4கே ப்ளேயர் வாங்கினா பூட்டுப் போகும்னு நினைச்சிடாதீங்க. 4கே டிஸ்க்குக்குத்தான் மண்டலம் இல்லை. அதே ப்ளேயரில் சாதா ப்ளூ-ரே போட்டா ஏ, பி, சி பார்க்கும்.

#12 · மட்டுறுத்துநர்

சப்டைட்டில் பற்றிப் பேசுமுன்: டிஸ்க் பூட்டை உடைக்கும் முறைகளும் ஃபைல் இணைப்புகளும் இங்கே வேண்டாம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 65ஏ பிரிவை ஒருமுறை படித்துக்கொள்ளுங்கள். எழுத்துரு, நேரச் சரிசெய்தல், மொழிபெயர்ப்பு பற்றித் தாராளமாகப் பேசலாம்.

#13 · துணைவரி

மட்டுறுத்துநர் முறைப்பதால் கடைசிபெஞ்ச் ஃபைல் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கப் போவதில்லை.

முதலில் சிதறல். உங்கள் எஸ்ஆர்டி ஃபைலில் கோளாறு இல்லை. யூனிகோடில் "கெ" என்பது ககரம், அதன் பிறகு கொம்பு என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. திரையில் கொம்பை முன்னால் கொண்டுவந்து வைப்பது காட்டும் மென்பொருளின் வேலை. கம்ப்யூட்டரில் அந்த வேலையைச் செய்யும் நிரல் இருக்கிறது, பல டிவிகளின் பென்டிரைவ் ப்ளேயரில் இல்லை. அதனால் கொம்பு பின்னால் விழுகிறது, "கொ" மூன்று துண்டாகிறது, புள்ளி தனியே மிதக்கிறது. டிவியில் எழுத்துரு மாற்றினாலும் இது தீராது.

எழுத்துக்குப் பதிலாகத் தலையில் கொக்கி போட்ட ஐரோப்பிய எழுத்துகள் வந்தால் அது வேறு நோய், குறியாக்கம் தவறு. நோட்பேடில் திறந்து யூடிஎஃப்-8 என்று சேமியுங்கள். சில டிவிகளுக்கு "பிஓஎம் உடன்" என்ற வகை வேண்டும்.

சிதறலுக்கு வழிகள் இரண்டு. எளியது, டிவியின் ப்ளேயரை விட்டுவிடுவது: விஎல்சி 3 அல்லது அதற்குப் பிந்தையதை ஆண்ட்ராய்டு பெட்டியிலோ மடிக்கணினியிலோ போட்டு எச்டிஎம்ஐ வழியாக ஓட்டுங்கள். எழுத்துருவாக நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது நிர்மலா யூஐ வையுங்கள். மற்றது, வரிகளைப் படமாக மாற்றுவது. சப்டைட்டில் எடிட் என்ற இலவச மென்பொருளில் எஸ்ஆர்டியைத் திறந்து ப்ளூ-ரே சப் வடிவத்தில் ஏற்றுமதி செய்தால் ஒவ்வொரு வரியும் ஒரு படமாகிவிடும். பிறகு எந்தப் பெட்டியும் எழுத்தைச் சிதைக்க முடியாது. ஆனால் உங்கள் டிவி அந்த வடிவத்தைப் படிக்கிறதா என்று ஐந்து நிமிடத் துண்டில் சோதித்துவிட்டுச் செய்யுங்கள், எல்லா டிவியும் படிப்பதில்லை.

அகலத்திரைப் படம் இது. 1080 வரிகளில் படம் பிடிப்பது ஏறத்தாழ 800, மேலும் கீழும் கறுப்புப் பட்டை. வரியைக் கீழ்ப்பட்டையில் வைக்க ஆசை வரும். ஒரு வரி வசனத்துக்குச் சரி. இரண்டு வரி என்றால் தமிழின் கீழ்நீட்சி விளிம்பில் வெட்டுப்படும். மேல்வரி படத்துக்குள் இருக்கட்டும்.

#14 · கடைசிபெஞ்ச்

விஎல்சியில் எழுத்து சரியாகிடுச்சு. பின்தங்கல் இன்னும் இருக்கு. ஆரம்பத்தில் கச்சிதம், கடைசியில் எட்டு விநாடி போல வித்தியாசம். ஜி, எச் விசையைத் தட்டித் தட்டி வெறுத்துப்போச்சு.

#15 · துணைவரி

எட்டு விநாடி என்று சொன்னதே நோயைக் காட்டிவிட்டது. நொடிக்கு 24 சட்டத்துக்கும் 23.976 சட்டத்துக்கும் ஆயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசம். 8,100 விநாடியில் ஆயிரத்தில் ஒன்று 8.1. திரையரங்கப் பிரதி 24, டிஸ்க்கில் இரண்டுமே வழக்கம். உங்கள் ஃபைலும் படமும் ஆளுக்கொன்றாக இருக்கின்றன.

ஜி, எச் விசைகள் எல்லா வரியையும் ஒரே அளவில் தள்ளும், இழுத்து நீட்டாது. அதனால் ஓரிடத்தில் சரிசெய்தால் இன்னோரிடத்தில் பிசகும். சப்டைட்டில் எடிட்டில் சட்ட வீதம் மாற்றும் கட்டளை இருக்கிறது. வரி வசனத்துக்குப் பின்னால் வந்தால் ஃபைலின் நேரம் நீண்டிருக்கிறது என்று பொருள்: 23.976இலிருந்து 24க்கு மாற்றுங்கள். முன்னால் வந்தால் திருப்பிப் போடுங்கள். வித்தியாசம் எட்டு விநாடியாக இல்லாமல் ஐந்து நிமிடமாக இருந்தால் ஃபைல் 25 சட்டப் பால் டிவிடிக்காகச் செய்தது.

மாற்றியபின் இரண்டு இடத்தில் பாருங்கள், தொடக்க வகுப்பறையின் முதல் வசனத்திலும் கடைசிப் பத்து நிமிடத்தில் ஏதாவது ஒரு குறுவசனத்திலும். முதலில் கால் விநாடி, கடைசியிலும் கால் விநாடி என்று ஒரே பிசகு இருந்தால் இப்போது ஜி, எச் போதும். நடுவில் திடீரென்று தாவினால் நிறுவனங்களின் சின்னம் ஓடும் நேரமோ துண்டு துண்டான பிரதியோ காரணம். அதற்குப் புள்ளி ஒத்திசைவு என்ற கட்டளையில் மூன்று நான்கு இடங்களைப் பிடித்துக் கட்ட வேண்டும்.

தமிழில் வரி எழுதுபவர்களுக்கு ஒரு விஷயம். மென்பொருள் காட்டும் எழுத்து எண்ணிக்கையை நம்பி வரியைக் குறுக்காதீர்கள். "பள்ளிக்கூடம்" கண்ணுக்கு ஏழு எழுத்து, மென்பொருளுக்கு 12. புள்ளியையும் காலையும் கொக்கியையும் தனித்தனியே எண்ணுகிறது. அதனால் "வாசிப்பு வேகம் அதிகம்" என்று சிவப்பில் கத்தும். அதற்குப் பயந்து வசனத்தைத் தந்தியாக்கிவிடுகிறார்கள். ஒரு வரி முக்கால் விநாடிக்குக் குறையாமல், ஏழு விநாடிக்கு மேல் நிற்காமல், இரண்டு வரிக்குள் இருந்தால் போதும். விசாரணைக் காட்சிகளில் வினாவையும் விடையையும் ஒரே திரையில் போடாதீர்கள். பதில் வருமுன் கண் படித்துவிடும், நடிகரின் மௌனம் வீண்.

#16 · ஏழாம்ரீல்

கதை உடைப்பு எச்சரிக்கை. படம் பார்க்காதவர்கள் இந்தப் பதிவைத் தாண்டிப் போங்கள்.

துணைவரி கடைசியாகச் சொன்னதற்குச் சான்று, சிறையில் கண்ணாடிக்கு இருபுறமும் சென் நியனும் ஷியாவ் பெய்யும் உட்காரும் சந்திப்பு. அங்கே வசனமே இல்லை. மழித்த தலை இருவருக்கும். அவள் முகத்தில் முதலில் சிரிப்பு வருகிறது, அது நிற்பதற்குள் கண் நிறைகிறது. எதிரே அவன் முகத்திலும் அதே வரிசை, கொஞ்சம் பிந்தி. கண்ணாடியில் ஒருவர் முகத்தின் மேல் இன்னொருவரின் பிம்பம் படிகிறது. டிஸ்க்கைச் சோதிக்க இதைவிட நல்ல காட்சி இல்லை. பிட்ரேட் போதாத பிரதியில் பிம்பம் கலங்கிய புகையாகிவிடும். நல்ல பிரதியில் இரண்டு ஜோடிக் கண்களையும் தனித்தனியே பின்தொடரலாம்.

படிக்கட்டில் வெய் லாய் விழும் இடமும் அப்படி. இரக்கம் கேட்டு வந்தவள், பேசிக்கொண்டே மீண்டும் பழைய இடத்துக்குப் போகிறாள். சென் நியன் தள்ளுவது ஒரு நொடி. டிவியின் வழவழப்பு வசதி ஆனில் இருந்தால் அந்த ஒரு நொடி பொம்மலாட்டமாகிவிடும். நீலத்தட்டு சொன்னதை முதலில் செய்துவிட்டு இந்தக் காட்சிக்கு வாருங்கள்.

கல்மேடைக்கு ஒரு வார்த்தை: கடைசிக் காட்சியில் தலைமறைப்பு இல்லாமல் அவன் கண்காணிப்புக் கேமராவை நிமிர்ந்து பார்க்கிறான். படம் அங்கேயே நின்றிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

#17 · கல்மேடை

அதில் சண்டையே இல்லை. ஆனால் அங்கேயே நின்றிருந்தால் திரைக்கு வந்திருக்குமா என்பதுதான் என் கேள்வி.

#18 · கடைசிபெஞ்ச்

24க்கு மாத்தினேன், கச்சிதமா உட்கார்ந்திடுச்சு. நன்றி துணைவரி. இப்போ ஒரு இணையக் கடையில் ஹாங்காங் பதிப்புன்னு பாதி விலைக்குப் போட்டிருக்காங்க. பின் அட்டைப் படம் இல்லை. நம்பலாமா?

#19 · நீலத்தட்டு

பின் அட்டைப் படம் கேளுங்க, தரலைன்னா விட்டுடுங்க. ஆசியப் படங்களுக்கு வீட்டில் எழுதின டிஸ்க்கை நல்ல உறையில் போட்டு விற்கிறது சகஜம்.

வந்த டிஸ்க்கைக் கையில் வாங்கினதும் மூணு இடம் பாருங்க. நடு ஓட்டையைச் சுத்தி இருக்கிற கண்ணாடி வளையத்தில், ஆலையில் அச்சடிச்ச டிஸ்க்குன்னா வரிசை எண்ணும், ஆலையை அடையாளம் காட்டுற ஐஎஃப்பிஐ குறியீடும் பொடி எழுத்தில் பொறிச்சிருக்கும், சாய்ச்சு வெளிச்சத்தில் பிடிச்சா தெரியும். மேற்பக்கப் படம் ஒட்டுத்தாளா இருந்தா சந்தேகமே வேண்டாம், போலி. அது வேகமாச் சுத்தும்போது ப்ளேயரையும் கெடுக்கும். அடுத்து கம்ப்யூட்டர் டிரைவில் போட்டு, டிஸ்க் வகையைக் காட்டுற ஏதாவது மென்பொருளில் பாருங்க. பிடி-ராம்னு வந்தா ஆலை அச்சு. பிடி-ஆர்னு வந்தா எழுதினது, பணத்தைத் திருப்பிக் கேளுங்க. இந்தக் கடைசிச் சோதனையை ஏமாத்த முடியாது.

பெட்டியைப் பிரிக்கிறதிலிருந்து டிரைவில் போடுற வரைக்கும் கைப்பேசியில் வெட்டில்லாம ஒரே வீடியோவா எடுத்து வைங்க, கடைக்காரங்க அதைத்தான் கேட்பாங்க. ஹாங்காங் பதிப்பு அசலாவே இருந்தாலும் அது ஏ மண்டலம். உங்க ப்ளேயர் சி. அதை முதல்ல தீர்த்துக்கிட்டு அப்புறம் காசைக் கட்டுங்க.